முதல் மூன்று தடவை

விரல்காரருக்கு ஆட்களை முகம் பார்த்தால் ஞாபகம் வராது, விரலைப் பார்த்தால்தான் வரும் என்று அவருடைய மச்சினன் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். மச்சினன் சொல்வதில் பாதிக்கு மேல் கப்ஸா. ஆனால் இதில் கொஞ்சம் உண்மை இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவர் கம்பியை எந்த விரலால் பிடிக்கிறார், டிக்கெட் கொடுக்கிற பெண் கட்டைவிரலை எவ்வளவு தூரம் நீட்டுகிறாள் என்று பார்த்துக்கொண்டே வருவார். யாரிடமும் அடி வாங்காமல் ஐம்பது வயதைத் தொட்டதே பெரிய விஷயம்.

மெஷின்களின் முகப்பில் பட்டன் வைப்பது அவர் தொழில். எந்தப் பட்டன் எங்கே, எவ்வளவு பெரிது, என்ன நிறம், அமுக்கினால் எவ்வளவு ஆழம் உள்ளே போக வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. இருபத்திரண்டு வருடம் ஒரே கம்பெனி. அதில் பதினெட்டு வருடம் துணி துவைக்கிற மெஷினுக்குத்தான் பட்டன் வைத்தார். பிறகு முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. தாறுமாறாகத் துடிக்கிற இதயத்துக்கு மின்சாரத்தால் ஓர் அடி கொடுத்து ஒழுங்குக்குக் கொண்டுவருமே, ஆஸ்பத்திரிகளில் தள்ளுவண்டியில் வைத்திருப்பார்களே, அந்த மெஷின் செய்யலாம் என்று இறங்கினார். ஆட்கள் அதே ஆட்கள். பட்டறை அதே பட்டறை. வேலை செய்கிற முறையும் அதே முறை.

அந்த முறையைச் சொல்லியாக வேண்டும். புது முகப்பு ஒன்று வரைந்தால் அதை அட்டையிலும் பிளாஸ்டிக்கிலும் செய்து, கீழே விளக்கு வைத்து, பத்துப் பதினோரு பேரிடம் கொடுத்து அமுக்கச் சொல்வார்கள். எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். முதல் மூன்று தடவை கை பழகுவதற்கு. அதைப் பென்சிலில் குறித்துக்கொண்டு பிறகு அழித்துவிடுவார்கள். நான்காவது தடவைதான் கணக்கு. அது பேனாவில் ஏறும். துவைக்கிற மெஷினுக்கு அது நியாயமான முறைதான். வாங்குகிறவள் பத்து வருடம் அதை அமுக்கப்போகிறாள். முதல் மூன்று நாள் தடுமாறினால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு சட்டை கூடுதலாக நனையும், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அவர் வீட்டுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. மனைவி முன்னாலேயே வந்திருந்தாள். தெருவில் அவளை நர்ஸம்மா என்பார்கள். அவசரப் பிரிவில் இருபது வருடம். சட்டையில் நெஞ்சோரம் தலைகீழாகக் குத்தியிருக்கும் அந்தச் சின்ன கடிகாரத்தைக் கூடக் கழற்றாமல் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பாத்திரத்தில் நாலு முட்டை வெந்துகொண்டிருந்தது. விசாரணைக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். கேட்கப் பயமாக இருந்தது.

"என்ன கேட்டாங்க?"

"எல்லாம் கேட்டாங்க."

"எல்லாம்னா?"

"எல்லாம்தான். ஜன்னலைச் சாத்துங்க, சாரல் அடிக்குது."

சாத்தினார். சாத்திவிட்டு அங்கேயே நின்றார்.

"உங்க பேப்பரைப் படிச்சுக் காட்டினாங்க" என்றாள் அவள், முட்டையைப் பார்த்தபடி.

"எந்தப் பேப்பர்?"

"உங்க கம்பெனி அனுப்பின பேப்பர். பதினோரு பேர் அமுக்கிப் பாத்தாங்களாம். பதினோரு பேரும் முதல் தடவையிலேயே பத்து வினாடிக்குள்ள ஷாக் கொடுத்துட்டாங்களாம். பெரிய டாக்டர் ஒவ்வொரு வரியா வாசிச்சார். ஏழாவது ஆள், அவசரப் பிரிவு நர்ஸ், பதினெட்டு வருஷ அனுபவம், முதல் முயற்சி, ஒன்பது வினாடி. வாசிச்சுட்டு, இது யாரோட கையெழுத்தும்மான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? என் கையெழுத்துதான்னு சொன்னேன்."

அடுப்பை அணைத்தாள். முட்டைகளைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டாள். ஒன்று விரிசல் விட்டு வெள்ளை வெளியே பிதுங்கியிருந்தது. அதை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். எப்போதும் உடைந்ததைத் தனக்கு எடுத்துக்கொள்கிறவள்தான். அன்றைக்கு அதைப் பார்க்க அவருக்கு என்னவோ போலிருந்தது.

"பக்கத்துல ஒருத்தர் இருந்தார், ஆஸ்பத்திரி நிர்வாகத்து ஆளு. 'உங்க வீட்டுக்காரர் செஞ்ச மெஷின்தானே, உங்களுக்கே கை தடுமாறுமா?'ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டார். கெட்ட சிரிப்புன்னு சொல்ல முடியாது. நிஜமாவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார்."

மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்தது அது. காலை பத்தரை மணி. நாற்பத்தாறு வயது ஆள், சுவருக்கு பெயின்ட் அடிக்கிறவர், நெஞ்சு அடைக்கிறது என்று தானே நடந்து வந்தார். விரலிடுக்கெல்லாம் பெயின்ட் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. படுக்கை விரிப்பில் ஒட்டிவிடும் என்று கையைத் தூக்கியே வைத்திருந்தார். 'மேடம், உங்க வார்டு பச்சை நல்லாவே இல்ல, நான் மாத்தித் தரேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகிவிட்டது. நர்ஸம்மா சட்டையைக் கிழித்தாள், நெஞ்சில் பட்டைகளை ஒட்டினாள், மஞ்சள் பட்டனை அமுக்கினாள். எட்டு வினாடியில் சார்ஜ் ஏறியது. மெஷின் கூவியது. இரண்டு பட்டன்களில் ஒரே நேரத்தில் விளக்கு எரிந்தது. ஒன்று சிவப்பு, ஷாக் கொடுப்பதற்கு. இன்னொன்று வெள்ளை, ஷாக் வேண்டாம் என்றால் ஏறின சார்ஜை இறக்கிவிடுவதற்கு. அவள் கட்டைவிரல் வெள்ளையில் போய் விழுந்தது. கூவல் நின்றது. உடம்பு தூக்கிப் போடவில்லை. திரும்ப மஞ்சள், திரும்ப எட்டு வினாடி, திரும்ப வெள்ளை. மூன்றாவது தடவைதான் சிவப்பு. எல்லாவற்றையும் நேரத்தோடு மெஷின் தன் ஞாபகத்தில் எழுதிவைத்திருந்தது. வீணாய்ப் போனது நாற்பத்தொரு வினாடி.

பிறகு முக்கால் மணி நேரம் எல்லோரும் மாற்றி மாற்றி நெஞ்சை அமுக்கினார்கள். அவர் திரும்பி வரவில்லை. அந்த நாற்பத்தொரு வினாடி மிச்சமாகியிருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை யாராலும் சொல்ல முடியாது. கதவு இடுக்கு வழியாக அவர் மனைவி முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் வேலை செய்கிறவள். நர்ஸுக்கு மெஷினை இயக்கத் தெரியவில்லை என்று அவள்தான் எழுதிக் கொடுத்திருந்தாள்.

"அடுத்த புதன்கிழமை முடிவு சொல்வாங்களாம்" என்றாள் நர்ஸம்மா. "வேலையை விட்டு எடுக்கறதுன்னா பரவாயில்ல. நர்ஸ் பதிவையே ரத்து பண்ணலாம்னு பேசிக்கிறாங்க."

விரல்காரர் முட்டையை உரித்து வைத்துக்கொண்டு, உரித்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதே சாப்பாட்டு மேஜையில்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் பதினோரு பேரில் நாலு பேர் அமுக்கிப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. நர்ஸம்மா, மச்சினன், எதிர்வீட்டு மின்வாரியக்காரர், அவர் பெண். ஆள் கிடைக்கவில்லை என்று வீட்டாரையும் அண்டை வீட்டாரையும் பிடித்து உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுத்து, விரல்காரர் நோட்டோடு உட்கார்ந்தார். எல்லோரும் உட்கார்ந்துகொண்டு அமுக்கினார்கள். பக்கத்தில் யாரும் கத்தவில்லை. யாரும் சாகவில்லை. நர்ஸம்மா முதலில் முப்பத்தெட்டு வினாடி எடுத்துக்கொண்டாள். வெள்ளையை அமுக்கிவிட்டு, 'கொடுத்துட்டேன்' என்று கையை எடுத்தாள். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு முப்பத்தொன்று, பதினேழு. நான்காவது ஒன்பது. கை தட்டினார்கள். அவர் பென்சில் எண்களை அழித்துவிட்டு ஒன்பதைப் பேனாவில் எழுதி அவளிடம் நீட்டினார். ஒரு கையில் டீ தம்ளரோடு கையெழுத்துப் போட்டாள்.

சரியாகச் சொன்னால், 'முதல் முயற்சி' என்று எழுதியதில் ஏமாற்றுகிற எண்ணம் அவருக்கு இல்லை. அவர்கள் பட்டறையில் நான்காவதுக்குப் பேரே முதல் முயற்சிதான். அப்படியே பேசிப் பழகி, அப்படியே எழுதியும் பழகிவிட்டது. வெள்ளைப் பட்டனை வலது பக்கம் வைத்ததும் அதே பழக்கம்தான். துவைக்கிற மெஷினில் 'நிறுத்து' எப்போதும் வலது பக்கம்.

மழை விட்டதும் மச்சினன் வந்தான். ரொட்டிக் கடை வைத்திருக்கிறவன். அடுப்பிலிருந்து எடுத்த சூடு ஆறாத ரொட்டியைப் பையோடு மேஜையில் போட்டான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவளைச் சிரிக்க வைத்தே தீருவது என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினான்.

"அக்கா, ஒரு வேலை செய். அந்தக் குழுவுல இருக்கறவங்களை என் கடைக்கு ஒரு நாள் அனுப்பு. மாவு பிசையற மெஷின் முன்னால நிறுத்தறேன். எத்தனை பேருக்கு விரல் மிஞ்சுதுன்னு பாப்போம்."

அவள் லேசாகச் சிரித்தாள்.

"பத்து வினாடியாம்ல! யாரு, நம்மளா? மாமா, எனக்கு என்ன போட்டீங்க அதுல? எட்டுதானே? நான் முதல்ல அமுக்கினப்ப நாப்பத்தி நாலு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. 'மச்சான், அதுக்குள்ள ஆளைப் பொதைச்சே முடிச்சிருப்பாங்க'ன்னு நீங்கதானே கிண்டல் பண்ணீங்க? நாப்பத்தி நாலை எட்டாக்கின புண்ணியவான் நீங்கதான், நான் கடை முழுக்கச் சொல்லி..."

அப்போதுதான் தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கே உறைத்தது. நிறுத்திவிட்டான். பையிலிருந்து ரொட்டியை எடுத்தான், திரும்ப உள்ளே வைத்தான்.

"நான் கிளம்பறேன்க்கா. கடையில ஆள் இல்ல."

அவன் போன பிறகு விரல்காரர் கேட்டார்: "உனக்கு அது ஞாபகம் இருந்துச்சா?"

"முப்பத்தெட்டா? இருந்துச்சு."

"அப்ப ஏன் அங்க சொல்லல?"

"சொன்னா எப்படி இருக்கும்? மாட்டிக்கிட்டதும் புருஷன் மேல பழியைப் போடறான்னு ஆகும். இல்லன்னா புருஷனும் பொண்டாட்டியும் பேசிவெச்சுக் கதை கட்றாங்கன்னு ஆகும்." நெஞ்சிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "அதோட, நானும்தானே சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டேன். யாரு போடச் சொன்னாங்க? அந்தத் தையக்காரம்மா வெளியில பெஞ்சுல உக்காந்திருந்துச்சு. என்னை நிமிர்ந்துகூடப் பாக்கல. பாத்திருந்தா தேவலை."

நீங்கள் வந்து சொல்லுங்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டிருக்கலாம், நாலு காரணம் சொல்லியிருக்கலாம். கேட்காததால் விரல்காரருக்கு ஒளிய இடமில்லாமல் போயிற்று.

நர்ஸம்மாவுக்குத் தெரியாத இன்னொரு விஷயமும் இருந்தது. நான்கு மாதத்துக்கு முன்னால் வேறோர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் ஆட்கள் அவசரத்தில் வெள்ளைப் பட்டனை அமுக்கிவிடுகிறார்கள், கவனிக்கவும் என்று நாலு வரி. 'பணியாளர்களுக்குக் கூடுதல் பயிற்சி அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்று மரியாதையாகப் பதில் போட்டார். பதில் போட்ட அன்று சாயங்காலமே கதவைச் சாத்திக்கொண்டு புது முகப்பு ஒன்று வரைந்தார். அதில் சிவப்பு தனியாக, உள்ளங்கையால்கூட அமுக்கலாம் என்கிற அளவுக்குப் பெரிதாக இருந்தது. வெள்ளை இடது ஓரத்தில், ஒரு சின்ன மேடு தாண்டி, தேடிப் போனால்தான் கிடைக்கும். நல்ல முகப்பு. அடுத்த வருடத்து மெஷினுக்கு என்று முதலாளியிடம் காட்டிவிட்டுப் பீரோவில் வைத்தார். அதற்குப் பிறகும் பழைய முகப்போடு அறுபது மெஷின் வெளியே போனது. ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒருநாள் நர்ஸம்மா வீட்டுக்குள் நுழையும்போதே, 'உங்க மெஷின் எங்க வார்டுக்கு வந்தாச்சு, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்' என்று பெருமையாகச் சொன்னாள். 'அப்படியா, நல்லது' என்றார் இவர். வெள்ளை விஷயத்தில் ஜாக்கிரதை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் என்று கேட்பாள்.

மறுநாள் காலை முதலாளியிடம் போனார். முதலாளி நல்ல மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்துவிட்டு அதையே தேடுகிற ஆள். ஆப்பிளைக் கத்தியால் சின்னச் சின்னதாக நறுக்கிக்கொண்டிருந்தார்.

"புதன்கிழமை விசாரணைக்கு நான் போறேன், முதலாளி. நோட்டை எடுத்துட்டுப் போறேன்."

"எந்த நோட்டு?"

"நம்பர் குறிச்ச நோட்டு."

"அதுல என்ன இருக்கு? ஒன்பது, எட்டு, ஒன்பதுன்னு இருக்கு. நீ அழிச்சதுதான் அழிச்சாச்சே."

"நான் அழுத்தி எழுதறவன். தடம் விழுந்திருக்கு. சாய்ச்சுப் பாத்தா தெரியுது. பதினோரு பேருதும் தெரியுது."

முதலாளி கத்தியைக் கீழே வைத்தார்.

"இருநூத்தி முப்பது மெஷின் வெளியில இருக்குப்பா. நீ போய் நின்னா அத்தனையும் திரும்பி வரும். இங்க நாப்பது பேர் இருக்காங்க. புது முகப்புதான் தயாரா இருக்கே, சத்தம் போடாம ஒவ்வொண்ணா மாத்திடுவோம். ஆறே மாசம்."

"ஆறு மாசத்துல எத்தனை பேர் அதை முதல் தடவையா அமுக்குவாங்கன்னு யோசிச்சேன்."

"உன் பொண்டாட்டிக்காகப் பேசற. எனக்குப் புரியுது. நானா இருந்தாலும் பேசுவேன்."

அது உண்மையாகத்தான் இருந்தது. மாட்டிக்கொண்டவள் வேறு யாராவது ஒரு நர்ஸாக இருந்தால் இந்த அறைக்கு வந்திருப்போமா என்று விரல்காரர் நேற்றிலிருந்து தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். வந்திருக்க மாட்டோம் என்றுதான் தோன்றியது.

முதலாளி ஓர் ஆப்பிள் துண்டை எடுத்து, சாப்பிடாமல் திரும்பத் தட்டிலேயே போட்டார்.

"நாலாவதுதான் கணக்குன்னு இந்தப் பட்டறையில ஆரம்பிச்சுவெச்சது நான்தான்."

"ஆமா."

"அதையும் சொல்லுவியா?"

"நான் எழுதினதை மட்டும் சொல்றேன், முதலாளி. மத்தது நீங்க பாத்துக்குங்க."

முதலாளி நெற்றியிலிருந்த கண்ணாடியை மேஜை இழுப்பறைக்குள் ரொம்ப நேரம் தேடிக்கொண்டிருந்தார். விரல்காரர் அதைச் சொல்லாமல் வெளியே வந்தார்.

புதன்கிழமை விசாரணை அறையில் நீள மேஜை, அதன் நடுவில் அந்த மெஷின். நெஞ்சில் ஒட்டும் பட்டைகளுக்குப் பதிலாக, மின்சாரத்தை வாங்கிக்கொள்கிற சின்னச் சோதனைப் பெட்டி ஒன்றை விரல்காரர் கொண்டுவந்திருந்தார். ஷாக் வந்து சேர்ந்தால் அதில் பச்சை விளக்கு எரியும். பெரிய டாக்டர் நடுவில், நிர்வாகத்து ஆள் ஒரு பக்கம், வயதான மேட்ரன் ஒரு பக்கம். சுவரோரம் இரண்டு நாற்காலி தள்ளித் தள்ளிப் போட்டிருந்தது. ஒன்றில் நர்ஸம்மா. இன்னொன்றில் தையல்காரம்மா. ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி குத்தின கறுப்புப் புள்ளிகள், நடுவிரலில், தைக்கும்போது மாட்டுகிற அங்குஸ்தான் அழுத்தின வளையம். முகத்தைப் பார்க்க விரல்காரருக்குத் தைரியம் வரவில்லை.

"அந்தப் பேப்பர்ல முதல் முயற்சின்னு எழுதியிருக்கறது பொய்ங்க" என்றார். "நாலாவது தடவையை முதல் தடவைன்னு எழுதினது நான்தான். ஏழாவது ஆளோட முதல் தடவை முப்பத்தெட்டு. அன்னைக்கும் வெள்ளையைத்தான் அமுக்கினாங்க. பதினோரு பேர்ல எட்டுப் பேர் வெள்ளையைத்தான் அமுக்கினாங்க."

பெரிய டாக்டர் நோட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். ஒவ்வொரு பக்கமாக, அவசரப்படாமல் பார்த்தார். மேட்ரனிடம் தள்ளினார்.

"தடம் இருக்கு" என்றாள் மேட்ரன்.

"இருக்கட்டும்" என்றார் நிர்வாகத்து ஆள். "ஆனா இவர் அந்தம்மாவோட வீட்டுக்காரர். நேத்து உக்காந்து எழுதி அழிச்சாலும் தடம் விழத்தான் செய்யும். தப்பா நினைச்சுக்காதீங்க, நாளைக்கு வேற யாராவது கேப்பாங்க."

"நீங்களே அமுக்கிப் பாருங்க" என்றார் விரல்காரர்.

"நாங்க மூணு பேரும் ரெண்டு வாரமா இதையேதானே அமுக்கிக்கிட்டு இருக்கோம்" என்றார் பெரிய டாக்டர். "எங்களுக்குப் பழகிடுச்சு. இதுவரைக்கும் தொடாத ஆள் வேணும்."

யாரை அழைப்பது என்று அவர் வாசல் பக்கம் பார்த்தார். சுவரோரத்தில் நாற்காலி நகர்ந்தது.

"நான் தொட்டதில்லைங்க" என்றாள் தையல்காரம்மா.

"நீங்க வேணாம்மா. உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?"

"இல்லைங்க ஐயா, நான் பாக்கணும். படிச்ச பொம்பள, ஒரு பட்டனை அமுக்கத் தெரியாமப் போச்சேன்னு மூணு வாரமா தூங்காமக் கிடக்கேன். எனக்கும் மெஷின்தான் பொழப்பு. ஊசி ஓடற மெஷின்ல கையை வெச்சுக்கிட்டுத்தான் இருபத்தஞ்சு வருஷமா உக்காந்திருக்கேன். நான் அமுக்கிப் பாக்கறேன்."

பெரிய டாக்டர் மேட்ரனைப் பார்த்தார். மேட்ரன் தலையசைத்தாள். விரல்காரர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. "மஞ்சளை அமுக்கினா சார்ஜ் ஏறும்மா. ஏறினதும் கூவும். கூவினதும் ஷாக் கொடுங்க. இந்தப் பெட்டியில பச்சை எரியணும்." வார்டில் சொல்லிக்கொடுத்ததும் இவ்வளவுதான். கடிகாரத்தைக் கையில் எடுத்தார்.

அவள் நின்றுகொண்டே மஞ்சளை அமுக்கினாள். சார்ஜ் ஏறும் சத்தம் மெல்லியதாக ஆரம்பித்து அறை முழுக்க ஏறியது. அந்தச் சத்தத்தை அவள் கதவு இடுக்கில் நின்று ஏற்கெனவே கேட்டவள். மெஷின் கூவியது. இரண்டு விளக்கும் எரிந்தன. கட்டைவிரல் நேராக வலது பக்கம் போய் வெள்ளையை அமுக்கியது.

கூவல் நின்றது.

"கொடுத்துட்டேனா?" என்றாள்.

அவள் பெட்டியைப் பார்த்தாள். பச்சை எரியவில்லை. மெஷினைப் பார்த்தாள். சின்ன எழுத்தில் ஏதோ ஓடியது. புரிந்துகொண்டு திரும்ப மஞ்சளை அமுக்கினாள். எட்டு வினாடி. இந்தத் தடவை விரலைக் காற்றிலேயே நிறுத்தி, இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, சிவப்பை அமுக்கினாள். பச்சை எரிந்தது.

"முப்பத்தாறு" என்றார் விரல்காரர்.

"இன்னும் ரெண்டு தடவை பண்ணீங்கன்னா கை பழகிடும்மா" என்றார் நிர்வாகத்து ஆள், ஆறுதலாக.

தையல்காரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் தன் கட்டைவிரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நர்ஸம்மா பக்கம் திரும்பினாள்.

"நானும் அதையேதான் அமுக்கினேன், சிஸ்டர்."

மூன்று வாரமாக அழாத நர்ஸம்மா அப்போதுதான் அழுதாள். சத்தமாக, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி அழுதாள். மேட்ரன் எழுந்து போய்த் தோளில் கை வைத்தாள். பெரிய டாக்டர் முன்னால் இருந்த பேப்பரை மூடினார். "அந்தம்மா மேல குத்தம் இல்லன்னுதான் எழுதப்போறேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

விரல்காரர் மேஜையிலிருந்த நோட்டைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தார். பன்னிரண்டாவது ஆள் என்று வரிசையில் எழுத வேண்டும். சட்டைப் பையைத் தடவினால் பென்சில்தான் இருந்தது. அழுதுகொண்டே அதைக் கவனித்த நர்ஸம்மா தன் பேனாவை எடுத்து நீட்டினாள். இந்த மூன்று வாரத்தில் அவள் அவருக்கு நேராக எதையாவது நீட்டியது அதுதான் முதல். வாங்கி, முதல் கட்டத்தில் முப்பத்தாறு என்று பேனாவில் எழுதினார். முதல் கட்டத்தில் பேனா படுவது இருபத்திரண்டு வருடத்தில் அன்றுதான். மனசு லேசான மாதிரி இருந்தது. எல்லாம் சொல்லியாகிவிட்டது என்றே ஒரு நிமிஷம் நம்பிவிட்டார்.

"நீங்கதான் இந்தப் பட்டனை எல்லாம் வெச்சவரா?" என்று தையல்காரம்மா கேட்டாள்.

"ஆமாம்மா."

"வெள்ளையை இப்படிக் கைக்கு நேரா வெக்கலாமா? தைக்கிற மெஷின்ல இப்படி வெச்சா விரல் போயிடும். இதை மாத்த முடியாதா?"

"மாத்தியாச்சும்மா. புதுசுல இடது ஓரத்துல இருக்கு. சிவப்பு தனியா, பெருசா இருக்கு. யார் அமுக்கினாலும் தப்பாது."

சொல்லி முடித்த பிறகுதான் வாய் எங்கே கொண்டுபோய் விட்டது என்று அவருக்குத் தெரிந்தது.

"எப்ப மாத்தினீங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். வீட்டுக்காரர் போன பிறகு, அதனால்தான் மாற்றினார்கள், அந்த மட்டுக்கு ஒரு நல்லது நடந்தது என்று நினைத்துக் கேட்டிருக்க வேண்டும். போன வாரம் என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். பெரிய டாக்டர்கூட ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், இதைக் கவனிக்கவில்லை. நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேனாவைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள். முகத்தில் பழைய சிரிப்பில் கொஞ்சம் திரும்பி வந்திருந்தது. விரல்காரர் பேனாவை நீட்டினார்.

"நாலு மாசம் ஆச்சும்மா" என்றார்.

நர்ஸம்மாவின் விரல்கள் பேனாவைத் தொடப்போன இடத்திலேயே நின்றன. மெஷின் வார்டுக்கு வந்து ஐந்து வாரம். வந்த அன்றே வீட்டுக்கு வந்து வாசலிலேயே சொன்னவள் அவள். அந்த விரல்கள் ஒவ்வொன்றாக மடங்குவதை அவர் பார்த்தார். பிறகு அவள் கையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். பேனா அவரிடமே இருந்தது.